அவன்தான் என்று அவனுக்கு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வெட்டும் குத்தும் இரத்தமுமாக வரும் பழிவாங்கல் படங்களை வடக்கில் எங்கேயும் காட்டவே விடக்கூடாது, வாள்வெட்டுக் குழுக்கள் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் முளைக்கின்றன என்று அவர் எழுதியிருந்தார். பிள்ளைகளைப் பற்றிய அவருடைய கவலையை மதிக்கிறேன். ஆனால் அவர் கை வைத்த இடம் நோவு இருக்கிற இடம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நான் விசுவமடுவில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கேற், யன்னல் கிறில், உழவு மெசின் பெட்டி, மாட்டுக் கொட்டில் கூரை, இதுதான் என் வேலை. பதினாறு பதினேழு வயதில் இருந்து இந்த மாதிரிப் படங்களை விரும்பிப் பார்க்கிறவன், இன்றைக்கும் பார்க்கிறேன். ஆகவே சண்டைப் படம் என்றாலே முகம் சுளிக்கிற ஒருவன் எழுதுவதாக இதை எடுக்க வேண்டாம்.

முதலில் பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளுக்கு முன் வவுனியாவுக்குப் போய், வாங்கிய இரும்பை லொறியில் ஏற்றிவிட்டு, பின்னேரம் தனியார் பஸ் ஒன்றில் திரும்பி வந்தேன். எந்த பஸ் என்பது தேவையில்லை, தூர ஓட்டம் ஓடுகிற பல பஸ்களில் இதுதான் நடக்கிறது. சாரதிக்குப் பின்னால் மேலே ஒரு ரீவி. ஓமந்தை தாண்டும்போது படத்தைப் போட்டார்கள். புளியங்குளம் வருவதற்குள் கதாநாயகனின் மனைவியும் மகளும் செத்துப்போனார்கள். கனகராயன்குளத்தில் அவன் தாடி வளர்த்துக்கொண்டு கடற்கரையில் படுத்திருந்தான். மாங்குளத்தில் வீட்டு முற்றத்தைத் தோண்டி ஒரு இரும்புப் பெட்டியை வெளியே எடுத்தான். அதற்குப் பிறகு முறிகண்டி வரைக்கும் ஐஸ் தொழிற்சாலைக்குள் சண்டை. மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியை இழுக்கும் கொக்கியால் ஆட்களை இழுத்து இழுத்துப் போடுகிறான், வெள்ளையாக இருந்த ஐஸ் எல்லாம் சிவப்பாகிக்கொண்டு வருகிறது, ஒருவன் விழும்போது மேலே தொங்குகிற பெரிய கட்டி உடைந்து இன்னும் நாலு பேர் மேல் விழுகிறது. முறிகண்டியில் பஸ் நின்றது, படத்தையும் நிறுத்தினார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டு, தேங்காய் உடைத்தவர்கள் உடைத்து, கச்சான் வாங்கியவர்கள் வாங்கித் திரும்பி ஏறியதும் விட்ட இடத்தில் இருந்து சண்டை தொடங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஐஸ் சண்டை நல்ல சண்டை. யார் எங்கே நிற்கிறான், கொக்கி எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய எடுத்திருந்தார்கள். இப்போது வருகிற பல படங்களில் கமெராவை ஆட்டி ஆட்டி ஒன்றும் தெரியாமல் செய்துவிடுகிறார்கள்.

கிளிநொச்சியில் ஒரு ஆச்சி நாலைந்து வயதுப் பேத்தியோடு ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தா. பஸ் பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறி முரசுமோட்டையை நெருங்கும்போதுதான் அந்தக் கட்டம் வந்தது. கதாநாயகன் பழைய லொறி ஒன்றின் பின்பெட்டியில் பெரிய இயந்திரத் துப்பாக்கியைப் பூட்டிக்கொண்டு வில்லனின் வீட்டு மதிலை உடைத்து உள்ளே வருகிறான். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், இருக்கையின் கம்பி அதிர்கிறது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முழங்காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் ஆச்சி இருக்கையில் இல்லை. எங்கள் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கின இடத்தில் கீழே இறங்கி, பேத்தியின் தலையைத் தன் வயிற்றுக்குள் அமத்தி, அதற்கு மேல் தான் கவிழ்ந்து, ஒரு கையால் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு இருந்தா. பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. ஆச்சியின் முதுகு ஒரு அசைவும் இல்லாமல் அப்படியே இருந்தது. பங்கருக்குள் இருந்த எவருக்கும் அந்த இருப்புத் தெரியும். மூச்சைக் கூடச் சின்னதாக விடுகிற இருப்பு அது.

பஸ்ஸுக்குள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், "தம்பி சத்தத்தை நிப்பாட்டு!" நடத்துநர் பொடியனுக்கு என்ன நடந்தது என்று முதலில் விளங்கவில்லை. அவனுக்கு இருபது வயது இருக்கும், பிழை சொல்ல முடியாது. ஓடிப்போய் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டான், படம் மட்டும் ஓடியது. ஆச்சி மெல்ல எழும்பி இருந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, பிள்ளையின் தலைமயிரைக் கையால் வாரிவிட்டு, அப்புறம் அந்தச் சத்தமில்லாத படத்தைக் கண் எடுக்காமல் பார்க்கத் தொடங்கினா. தருமபுரம் வரும்போது வில்லன் முழந்தாளில் நின்றான், கதாநாயகன் அவனுக்கு மனைவி மகளின் படத்தைக் காட்டினான், அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. ஆச்சி என்னிடம் திரும்பிக் கேட்டா:

"தம்பி, இவன்தான் செய்தவன் எண்டு அவனுக்கு ஆர் சொன்னது?"

நான் கதையைச் சொன்னேன். பொலிஸில் இருக்கிற கூட்டாளி ஒருவன் ஒரு ஃபைல் கொண்டுவந்து கொடுத்தவன், அதற்குள் எல்லாருடைய படமும் பெயரும் இருந்தது, அந்த இடத்தில் நீங்கள் பஸ்ஸில் ஏறவில்லை ஆச்சி என்றேன். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா, "எங்களிட்டயும் எல்லாரும் ஃபைல் வாங்கினவைதான். ஒருத்தரும் தரேல்லை." விசுவமடுவில் நான் இறங்கிவிட்டேன்.

அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் நிற்கிறது. இத்தனை வருடமாக இந்தப் படங்களைப் பார்க்கிற எனக்கு அது ஒரு தரமும் தோன்றியதில்லை. துப்பாக்கியில் ரவை முடியாமல் வருவதைப் பற்றியும், அவ்வளவு நேரம் இடைவிடாமல் சுட்டால் குழல் பழுக்கக் காய்ந்துவிடும், மாற்றாமல் சுட ஏலாது என்பதைப் பற்றியும், பத்துப் பேர் ஒருவன் ஒருவனாக வரிசையில் வந்து அடிவாங்குவதைப் பற்றியும் கூட்டாளிகளோடு இருந்து மணிக்கணக்காகக் கதைத்திருக்கிறோம். நம்ப முடியாத இடங்கள் அவைதான் என்று நினைத்திருந்தோம். ஆச்சி அதில் ஒன்றையும் கேட்கவில்லை. பட்டப்பகலில் மதிலை உடைத்துக்கொண்டு லொறி வருவதை அவ நம்பினா. ஃபைல் வருவதைத்தான் அவவால் நம்ப முடியவில்லை.

நான் எப்படி இந்தப் படங்களுக்குள் போனேன் என்பதையும் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். 1997இல், ஜெயசிக்குறு என்று பெயர் வைத்து இராணுவம் வன்னிக்குள் முன்னேறிக்கொண்டிருந்த காலம். வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை. ஆனாலும் சாமத்தியவீடு என்றால், ஆரும் வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றால், ஒரு ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். ஜெனரேற்றரைத் தொடக்குவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல், அது ஓடத் தொடங்கினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, அந்தப் புகை மணத்தோடு படம் பார்ப்பது. தெற்கே ஷெல் அடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும், முற்றத்தில் நாங்கள் விசில் அடிப்போம். அப்படி ஒரு இரவில்தான் ரஜினிகாந்த் நடித்த 'நான் சிகப்பு மனிதன்' பார்த்தேன். 1985இல் எஸ். ஏ. சந்திரசேகர் இயக்கிய படம். பகலில் கல்லூரியில் படிப்பிக்கிற மனிதன், வீட்டில் நடந்த கொடுமைக்குச் சட்டத்தால் ஒன்றும் கிடைக்காமல், இரவில் துப்பாக்கியோடு இறங்குகிறான். எங்கள் முற்றத்தில் இருந்த ஒருவருக்கும் சட்டம் கைவிடுவது என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. கிழவர்கள் கூடக் கை தட்டினார்கள். எனக்கு அன்று இரவு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. ஒரு அநியாயம் நடக்கிறது, ஒரு மனிதன் எழும்பிப் போகிறான், விடிவதற்குள் கணக்குத் தீர்கிறது. பொய் என்று தெரியும். ஆனாலும் அந்த இரண்டரை மணித்தியாலம் எங்களுக்குத் தேவையாக இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா இதைத்தான் யோசிக்க வேண்டும். கையாலாகாத இடத்தில் இருக்கிறவனுக்குத்தான் இந்தப் படம் கூடத் தித்திக்கும்.

பிற்காலத்தில் போனில் எல்லாம் பார்க்கலாம் என்று வந்ததும் இந்த வகைப் படங்களின் வேரைத் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1968இல் பழைய தணிக்கை விதிகளை எடுத்துவிட்டு, வயதைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு எழுபதுகளில் சின்ன முதல் போட்டு, பெரிய கம்பனிகள் காட்டப் பயப்படுகிறதை எல்லாம் காட்டி, நியூயோர்க் 42ஆம் தெரு மாதிரி இடங்களில் பழைய தியேட்டர்களில் இரண்டு படத்தை ஒரே ரிக்கெற்றில் ஓட்டினார்கள். இரத்தத்துக்குச் சோளப் பாகில் சிவப்புச் சாயம், உடுப்புக்குள் சின்ன வெடியோடு ஒரு இரத்தப் பை, வெடித்ததும் சூடுபட்ட மாதிரிச் சீறும். செலவு குறைவு, சத்தம் பெரிது. அந்தக் காலத்து மணத்தைத் திரும்பக் கொண்டுவர ரொபேர்ட் ரொட்ரிகஸ் என்ற இயக்குநர் 2007இல் இல்லாத படம் ஒன்றுக்கு ஒரு பொய் முன்னோட்டம் எடுத்தார், பார்த்த சனம் விடவில்லை, 2010இல் 'மசெட்டி' என்று உண்மையாகவே படமாக்க வேண்டி வந்தது. அதில் டானி ட்ரெஹோ, சிறையில் கிடந்து வந்து நடிகரான மனிதர், ஒருவனின் குடலைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு யன்னலால் கீழ்மாடிக்குப் பாய்கிறார். அதற்கு மேல் ஒரு மிகை இருக்க ஏலாது. ஆனால் அந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மனைவியைக் கொல்கிறவன் கதாநாயகனின் கண்ணுக்கு முன்னாலேயே நின்று கொல்கிறான். முகம் தெரியும், பெயர் தெரியும். டரண்டினோ என்ற இயக்குநர் 2003இலும் 2004இலும் இரண்டு பாகமாக எடுத்த 'கில் பில்' படத்தில் அந்தப் பெண் ஒரு கடதாசியில் ஐந்து பெயரை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போகிறா, சாக வேண்டியவனின் பெயர் படத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.

இந்த வகைக்கே பெரியண்ணன் மாதிரியான 'டெத் விஷ்' 1974இல் வந்தது. சார்ள்ஸ் புரொன்சன் கட்டடக் கலைஞராக நடித்தார். மனைவியைக் கொன்று மகளைச் சீரழித்துவிட்டுப் போனவர்களை அந்த மனிதன் படம் முடியும்வரை கண்டுபிடிக்கவே இல்லை. அவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் சுடுவதெல்லாம் இரவில் பூங்காவிலும் ரயிலிலும் எதிர்ப்படுகிற வேறு ஆட்களை, கொள்ளையடிக்க வந்த யாரோ சிலரை. நான் அதை முன்பு இரண்டு தரம் பார்த்திருந்தும் இதைக் கவனிக்கவில்லை, கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற நினைப்போடுதான் முடித்தேன். ஆச்சி கேட்ட பிறகு மூன்றாம் தரம் போட்டுப் பார்த்தேன், அப்போதுதான் உறைத்தது. 1972இல் அந்தக் கதையை நாவலாக எழுதிய பிரையன் கார்ஃபீல்ட், தன் கதை துப்பாக்கி தூக்குகிறவனை மெச்சுகிற படமாகிவிட்டதே என்று மனம் நொந்து 1975இல் அதற்கு மறுப்பாக இன்னொரு நாவல் எழுதினார். அதாவது முதல் ஆளுக்கே இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ஒரு ஃபைலை வைத்து அதை மூடிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் அதை மூட ஏலாது. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கிய தாய்மாரும் தகப்பன்மாரும் கையில் வைத்திருந்தது படமும் கேள்வியும்தான். 2010இல் அரசாங்கம் அமைத்த ஒரு ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2018இல் காணாமல்போனோருக்கான ஒரு அலுவலகம் என்று எல்லா இடத்திலும் அதே கேள்வியைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பந்தலில் இருந்த எத்தனையோ பேர் பதில் இல்லாமலே கண்ணை மூடிவிட்டார்கள். யாரையும் வெட்டு, கொல்லு என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கே, எப்போது, யாரிடம் கொடுத்தோம், பிறகு என்ன நடந்தது. இவ்வளவும்தான். 2023 ஜூன் 29ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாட்பதற்குத் தோண்டியவர்கள் எலும்பைக் கண்டார்கள், அகழ்ந்து முடிக்கும்போது 52 பேரின் எச்சங்கள். படத்தில் என்றால் வெள்ளை மேலங்கி போட்ட ஒருவர் அடுத்த காட்சியிலேயே பெயரைச் சொல்லிவிடுவார். இங்கே உடுப்புத் துண்டையும் இலக்கத் தகட்டையும் பார்த்து, இது எங்கட பிள்ளையாக இருக்கக்கூடாது என்றும் இருந்தால் இன்றைக்காவது தெரிந்துவிடும் என்றும் ஒரே நேரத்தில் நினைக்கிற மனிதர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். எனக்கு ஒரு அண்ணன் இல்லை. இருந்தவர். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

இனி வாளைப் பற்றி. ஐயா எழுதியதில் ஒன்று சரி, வாள் படத்தில் இருந்து கடைக்கு வருகிறது. போன வருடம் உயர்தரம் எழுதிவிட்டு நின்ற ஒரு பொடியன் என் கடைக்கு வந்து போனில் ஒரு படத்தைக் காட்டி, லொறி வில்லுத்தகட்டில் இப்படி ஒரு வாள் அடித்துத் தர ஏலுமா அண்ணை என்று கேட்டான். வில்லுத்தகடு கூர் பிடித்தால் நிற்கும், எலும்பு வரைக்கும் போகும். வெளியே போ என்று சொல்லிவிட்டேன். அவன் போகாமல் நின்று, குறும்படம் எடுக்கிறம் அண்ணை என்றான். கண்ணைப் பார்த்தால் பொய் மாதிரி இல்லை. சரி என்று மெல்லிய தகரத்தில் வெட்டி, விளிம்பு ஒருவரையும் கிழிக்காதபடி மடித்துத் தட்டி, அலுமினியப் பெயின்ற் அடித்து, பிடிக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கொடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்தால் பாரமே இல்லை, ஆனால் கமெராவில் நல்ல வாள். காசு வாங்கவில்லை.

வாள்வெட்டுக்குப் போகிறவர்களும் படம் பார்க்கிறார்கள்தான், போனில் பின்னணி இசையும் அந்தப் படத்தினுடையதுதான். ஆனால் அவர்கள் படத்தில் வருகிற மாதிரித் தங்கள் வீட்டு அநியாயத்துக்குப் போகிறவர்கள் இல்லை. காசு வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக் கண்ணாடியை உடைத்து, அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கதறவைத்துவிட்டு வருகிறவர்கள். வேலை இல்லை, போதைப்பொருள் காலடிக்கு வருகிறது, அனுப்புகிறவன் வேறு எங்கேயோ இருக்கிறான். படத்தைத் தடைசெய்தால் இதில் எது நிற்கும் ஐயா? தணிக்கைச் சபை வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்த படத்தைப் பிள்ளைகள் இருக்கிற பஸ்ஸில் போடக்கூடாது என்று கேளுங்கள், நானும் உங்களோடு கையெழுத்து வைப்பேன். தியேட்டருக்குள் போகிறவன் தெரிந்து போகிறான், கதவு இருக்கிறது, எழும்பி வரலாம். பஸ்ஸில் அந்த ஆச்சி எங்கே எழும்பிப் போவா? பஸ் உரிமையாளர்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வீதியில் ஏறுகிற சனம் யார் என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் இந்த வீதியால்தான் மூட்டையோடு நடந்தீர்கள். துப்பாக்கிச் சத்தம் வருகிற படத்தைப் பரந்தன் தாண்டியும் அந்தச் சத்தத்தில் ஓட்டாதீர்கள். பகிடிப் படம் எத்தனையோ இருக்கிறது. பாட்டுப் போடுங்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று. சினிமாப் பக்கத்தில் இந்தப் படங்களுக்கு விமர்சனம் எழுதும்போது, எத்தனை தலை விழுந்தது, இடைவேளைச் சண்டை எப்படி என்று மட்டும் எழுதிவிட்டு விடுகிறீர்கள். அந்த மனைவி, அந்த மகள், முதல் இருபது நிமிடத்தில் சாவதற்காகவே எழுதப்பட்டவர்கள், அவர்களுக்கு என்ன பிடிக்கும், என்ன படித்தார்கள் என்று ஒரு வரி கூடப் படத்தில் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். செத்தவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் பழி மட்டும் வாங்குகிற படம் எனக்கு இப்போது சப்பென்று இருக்கிறது.

அந்தப் பொடியன் படத்தை முடித்துக்கொண்டு கடைக்கு வந்து காட்டினான். ஒன்பது நிமிடம். ரோஸ் சிரப்பில் கோதுமை மா கரைத்து இரத்தம் செய்திருக்கிறார்கள், ஒரு காட்சியில் விழுந்து கிடக்கிறவனின் கழுத்தில் எறும்பு ஏறுவது தெரிகிறது, அவன் அசையாமல் தாங்கிக்கொண்டு கிடக்கிறான். வெயிலில் தகர வாள் அப்படி மின்னுகிறது. நல்ல உழைப்பு. கதை, காணாமல்போன தகப்பனுக்காக மகன் பழிவாங்குவது. மூன்றாவது நிமிடத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறான், மிச்ச ஆறு நிமிடமும் சண்டை. பொடியனின் சொந்தத் தகப்பன் 2009இல் போனவர், இவனுக்கு அப்போது மூன்று வயது. எனக்குத் தெரியும். ஆனாலும் ஆச்சி கேட்டதை அவனிடம் கேட்டேன், அவன்தான் என்று இவனுக்கு ஆர் சொன்னது?

அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிறைண்டர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் சொன்னான், "அது தெரியாட்டில் படம் துவங்கவே ஏலாதே அண்ணை."

கேட்டது பிழையோ என்று எனக்கு இரண்டு கிழமை நித்திரை இல்லை. பிறகு அவனாகவே வந்தான், கொப்பியில் புதுக்கதை. வாளை உரப்பைக்குள் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவன் வீடு வீடாகப் போகிறான். கேட்கிறான். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள், சிலர் தேத்தண்ணி கொடுக்கிறார்கள், சிலர் படலையைச் சாத்துகிறார்கள், ஒரு வீட்டில் அவனிடமே தங்கள் பிள்ளையின் படத்தைக் காட்டி இவனைக் கண்டனியோ என்று கேட்கிறார்கள். கடைசிவரை உரப்பை அவிழவில்லை. எனக்கு அதில் ஒரு குறை இருந்தது, சொன்னேன். சண்டை இல்லாமல் விடாதே, ஒரு சண்டை வை, நல்லதாக வை, ஆனால் அவன் அடிக்கிற ஆள் பிழையான ஆளாக இருக்கட்டும், அடித்து முடித்த பிறகு அது தெரியட்டும் என்றேன். அவனுக்கு அது பிடித்துக்கொண்டது. வாளைத் திரும்பக் கொண்டுவந்து தந்திருக்கிறான், நெளிந்த இடத்தைத் தட்டி நேராக்கி வைத்திருக்கிறேன், தை பிறந்ததும் எடுக்கப் போகிறார்கள்.

அந்தப் படலை வீடுகளில் ஒன்றில் இருந்து கேள்வி கேட்கிற ஒரு ஆச்சி வேண்டுமாம். நடிக்கிறவர்கள் வேண்டாம், உண்மையான ஒருவர் வேண்டும் என்று நிற்கிறான். நான் பஸ்ஸில் கண்ட ஆச்சியைப் பற்றிச் சொன்னதில் இருந்து அவதான் வேண்டும் என்கிறான். பெயர் கேட்காமல் இறங்கியது என் பிழை. நான் இறங்கும்போது அவ பேத்தியோடு புதுக்குடியிருப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தா, பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை, பிள்ளை மஞ்சள் சட்டை. இந்தக் கடிதத்தை நீங்கள் போட்டு, அவவின் வீட்டில் ஆரும் வாசித்தால், விசுவமடுச் சந்தியில் கேட்டால் வெல்டிங் கடையைக் காட்டுவார்கள், ஒரு தரம் வரச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், துப்பாக்கிச் சத்தம் ஒன்றும் இல்லாமல்தான் எடுக்கப் போகிறார்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் தொழிலாளி ஒருவர்,
விசுவமடு.